அரசியல் குழப்பம் நடக்கும்போது சாதாரண மக்கள் செய்தியை எப்படி எடுத்துக்கறாங்க? நீங்க பாத்தது என்ன?

கேள்வியில எந்த ஊரு எந்த வருஷம்னு இல்ல, அதனால நான் பக்கத்துல இருந்து பாத்ததையே சொல்லிடறேன். 2016 செப்டம்பர்ல முதலமைச்சர் ஜெயலலிதா ஆஸ்பத்திரியில சேர்ந்ததுலேர்ந்து 2017 பிப்ரவரி வரைக்கும் தமிழ்நாட்டுல நடந்த கூத்து. அப்போலோ, இட்லி, ராத்திரி பதவியேற்பு, தியானம், கூவத்தூர்னு சொன்னாலே போதும், அந்த அஞ்சு மாசம் எல்லாருக்கும் ஞாபகம் வந்துடும்.

முதல்லயே ஒண்ணு சொல்லிடறேன், ஒருத்தர் செய்தியை நம்புறாரா இல்லையான்னு அவர் வாயை வச்சு முடிவு பண்ணவே கூடாது. வாய் ஒண்ணு சொல்லும், கை வேற ஒண்ணு பண்ணும். இதை நான் எங்கயும் படிச்சு தெரிஞ்சுக்கல, திண்டிவனத்துல எங்கப்பா வச்சிருந்த மளிகைக் கடை கல்லாவுல உக்காந்து பாத்தது.

எங்க வீடு எப்படின்னா, அம்மா ரெட்டை இலை, அதுவும் எம்ஜிஆர் காலத்துலேர்ந்து. பெரியப்பா உதயசூரியன், கரை வேட்டி கட்டாத நாளு கிடையாது. அப்பாவைக் கேட்டா, யாவாரிக்கு எதுக்குடா கட்சி, ரெண்டு கட்சிக்காரனும் கடன் சொல்லிட்டுதான் போறான்னுவார். அதனால ஒரே செய்தி எங்க வீட்டுல மூணு விதமா ஓடும்.

2016 செப்டம்பர் 22 ராத்திரி ஜெயலலிதாவை, கட்சிக்காரங்களுக்கு 'அம்மா', சென்னை கிரீம்ஸ் ரோடு அப்போலோவுல சேர்த்தாங்க. காய்ச்சல், நீர்ச்சத்து குறைஞ்சிடுச்சுன்னு முதல் அறிக்கை. அவ்ளோதான், ரெண்டு நாள்ல வந்துடுவாங்கன்னுதான் எல்லாரும் நெனச்சாங்க. அப்புறம் லண்டன்லேர்ந்து டாக்டர் ரிச்சர்ட் பீலே வர்றார், டெல்லி எய்ம்ஸ்லேர்ந்து டாக்டருங்க வர்றாங்க, கவர்னர் வர்றார், ராகுல் காந்தி வர்றார், அக்டோபர் 11ஆம் தேதி அவங்க இலாகா எல்லாம் அமைச்சர் ஓ.பன்னீர்செல்வம், அதான் ஓபிஎஸ்கிட்ட போகுது, ஆனா அறிக்கை மட்டும் உடல்நிலை தேறி வருதுன்னே சொல்லுது. காய்ச்சலுக்கு எதுக்குய்யா லண்டன் டாக்டருன்னு கடைக்கு வர்ற கட்டட வேலை செய்யற அண்ணன் ஒருத்தர் கேட்டாரு, அதுக்கு எங்கள்ல யாருகிட்டயும் பதில் இல்ல. இட்லி சாப்பிட்டாங்க, டிவி பாத்தாங்கன்னு போய்ப் பாத்துட்டு வந்தவங்க ஆளாளுக்கு ஒண்ணு சொன்னாங்க. ஒரு போட்டோ மட்டும் வரல.

இந்தப் போட்டோ விஷயத்தை பெரியப்பா விடவே மாட்டார். ஏன்னா அவருக்கு 1984 நல்லா ஞாபகம். எம்ஜிஆரும் இதே அப்போலோவுலதான் மொதல்ல அட்மிட் ஆனார், அப்புறம் அமெரிக்காவுல புரூக்ளின் ஆஸ்பத்திரி. ஆளே இல்லன்னு பேச்சு கெளம்பினப்போ அவர் ஆஸ்பத்திரியில இருக்கறதை வீடியோ எடுத்து தேர்தல் பிரச்சாரத்துல போட்டுக் காட்டினாங்க, அவரும் ஆண்டிப்பட்டிக்கு வராமலே ஜெயிச்சார். "டிவியே பாதி வீட்டுல இல்லாத காலத்துல வீடியோ காட்டினாங்கடா, இப்ப ஆளுக்கு ஒரு செல்லு இருக்கு, ஒரு போட்டோ எடுக்க முடியலையா"ன்னு கேப்பார். எதிர்க்கட்சிக்காரர் கேக்கற கேள்வின்னாலும் கேள்வி சரியாதானே இருந்துச்சு. எங்கம்மாவோட பதில், "பொம்பளை, படுத்த படுக்கையா இருக்கறதை ஊரே பாக்கணுமா? உங்க வீட்டுப் பொண்ணுன்னா விடுவீங்களா மாமா?" இதுவும் சரிதான். ரெண்டு பேரும் தப்பு இல்ல, ரெண்டு பேருக்கும் தகவல் இல்ல.

இங்க ஒண்ணு நிறைய பேர் மறந்துட்டாங்க. ஜியோ வந்தது அதே செப்டம்பர் 5ஆம் தேதி. மொதல்ல டிசம்பர் 31 வரைக்கும் ஃப்ரீன்னாங்க, அப்புறம் மார்ச் 31ன்னாங்க. அதாவது அதுவரைக்கும் ரேட் கட்டர் போட்டு நூறு எம்பி நெட்டை சொட்டு சொட்டா செலவு பண்ணிட்டிருந்த ஊருக்கு, முதலமைச்சர் எப்படி இருக்காங்கன்னு யாருக்கும் தெரியாத அதே வாரங்கள்ல, அளவில்லாம இன்டர்நெட் கிடைச்சுது. அரசாங்கம் பக்கத்துலேர்ந்து சத்தமே இல்ல, வாட்ஸப் பக்கம் அடைமழை. ஆஸ்பத்திரியில வேலை பாக்கற நர்ஸு பேசறதா ஒரு ஆடியோ, டாக்டரோட சொந்தக்காரர் பேசறதா ஒரு ஆடியோ, எல்லா ஆடியோவும் "இதை யாருக்கும் சொல்லாதீங்க"ன்னுதான் ஆரம்பிக்கும், அஞ்சு நிமிஷத்துல ஊரே கேட்டிருக்கும். வதந்தி பரப்பறாங்கன்னு போலீஸ் கேஸ் போட்டு சில பேரை கைது கூட பண்ணுச்சு. அதனால வதந்தி குறைஞ்சுதான்னா இல்ல, குரல்தான் குறைஞ்சுது. கடையில அதுவரைக்கும் சத்தமா பேசினவங்க பருப்பு நிறுக்கற தராசு பக்கம் தலையைக் குனிஞ்சு "என்னண்ணே, மேல என்னவாம்?"னு கேக்க ஆரம்பிச்சாங்க. கைது பண்றாங்கன்னா அப்ப ஏதோ இருக்குன்னுதானே அர்த்தம்னு எங்கப்பாவே சொன்னார்.

இப்ப டிசம்பர் 5க்கு வர்றேன். முந்தின நாள் ஞாயித்துக்கிழமை சாயங்காலம் கார்டியாக் அரெஸ்ட், அதாவது இதயத் துடிப்பு நின்னுபோச்சுன்னு ராத்திரி அறிக்கை வந்துடுச்சு. போலீஸ்காரங்க எல்லாரும் காலையிலேயே யூனிஃபார்மோட டூட்டிக்கு வரணும்னு உத்தரவு போட்டது டிவியில ஓடுச்சு. எங்கப்பா அந்த ஒரு வரியைத்தான் செய்தின்னு எடுத்துக்கிட்டார், மத்ததெல்லாம் அவர் காதுலயே விழல. ஏன்னா 2014 செப்டம்பர் 27, சொத்துக் குவிப்பு வழக்குல ஜெயலலிதாவுக்கு பெங்களூரு கோர்ட் தண்டனை கொடுத்த அன்னிக்கு மத்தியானத்துக்கு மேல பஸ் மேல கல்லு, கடையெல்லாம் அடிச்சு சாத்தினதுன்னு பாத்தவர். காலையில எழுந்ததும் ஏஜென்ட்டுக்கு போன் பண்ணி பால் பாக்கெட் கூட ரெண்டு ட்ரே சொன்னார்.

கூட்டம் பதினோரு மணிக்கே வந்துடுச்சு. பால், மெழுகுவத்தி, கொசுவத்தி, ரவை, பிஸ்கட். இதுல இன்னொரு கொடுமை, நவம்பர் 8 செல்லாத நோட்டு அறிவிப்பு வந்து ஒரு மாசம் கூட ஆகல, புது ஐநூறு கண்ணுலயே படல, எல்லார் கையிலயும் ரெண்டாயிரம் ரூபா நோட்டு. ரெண்டு பாக்கெட் பாலுக்கு ரெண்டாயிரத்தை நீட்டினா எந்தக் கல்லாவுலேர்ந்து சில்லறை எடுத்துக் கொடுக்கறது? அப்பா ஒருத்தர் கிட்டயும் காசு வாங்கல, அக்கவுண்ட் நோட்டுல பேரை எழுதிக்கிட்டே போனார். எனக்கு வேலை என்னன்னா ஷட்டரை பாதி இறக்கி வச்சு ஒவ்வொருத்தரா குனிஞ்சு வர விடறது.

வந்தவங்க என்ன பேசினாங்கன்னு கேளுங்க. "அம்மாவுக்கு ஒண்ணும் ஆகாது, எமனையே தொரத்திட்டு வருவாங்க"ன்னு சொல்லிக்கிட்டே ஒரு அக்கா நாலு பாக்கெட் பால் வாங்குது. அது வீட்டுல மொத்தமே ரெண்டு பேர். பக்கத்துத் தெருவுல இலைக் கட்சி வட்டச் செயலாளர் ஒருத்தர் இருக்கார், நல்ல மனுஷன், முழங்கையில அம்மா படம் பச்சை குத்தியிருப்பார், "எல்லாம் பொய்யி, திமுககாரன் கெளப்பி விடறான்"னு கத்திக்கிட்டே வாட்டர் கேன் ரெண்டை வண்டியில கட்டினார். நம்பினவன் ஒருத்தனும் வாயால ஒத்துக்கல, நம்பாதவன் ஒருத்தனும் வெறுங்கையோட போகல. வீட்டுல எங்கம்மா சாமி ரூம்ல விளக்கேத்தி வச்சிட்டு நல்லாயிடுவாங்க நல்லாயிடுவாங்கன்னு சொல்லிக்கிட்டே, சென்னையில வேலை பாக்கற என் தம்பிக்கு போன் போட்டு "மத்தியானமே கெளம்பி ரூமுக்குப் போயிடு, பஸ்ஸை நம்பாத"ங்கறாங்க.

சாயங்காலம் அஞ்சரை வாக்குல பல சேனல்ல போயிட்டாங்கன்னு போட்டுட்டாங்க. ராயப்பேட்டை கட்சி ஆபீஸ்ல கொடி பாதிக்கு இறங்குச்சு, அதை லைவ்ல காட்டினாங்க. தெருவுல ஒரே நிமிஷத்துல எல்லா ஷட்டரும் கடகடகடன்னு விழுந்த சத்தம் இன்னும் காதுல இருக்கு. கொஞ்ச நேரத்துல அப்போலோ மறுத்துச்சு, சிகிச்சை தொடருதுன்னு. கொடி மறுபடி மேல ஏறுச்சு. எங்கம்மா கையெடுத்துக் கும்பிட்டாங்க, கொடியை ஏத்திட்டாங்கல்ல, அப்ப உயிரோடதான் இருக்காங்கன்னு.

கொடி ஏறுச்சு, ஆனா எங்க தெருவுல ஒரு ஷட்டர் கூட ஏறல.

மறுப்பு வந்ததும் நம்பி கடையைத் திறந்திருந்தா நல்ல யாவாரம் நடந்திருக்கும், எல்லா யாவாரிக்கும் அது தெரியும். எதுத்தாப்ல டீக்கடைக்காரர் அம்மா விசுவாசி, மறுப்பைக் கேட்டு விசில் அடிச்சவர், அவர் கூட பாய்லரை அணைச்சிட்டு வீட்டுக்குப் போயிட்டார். அதான் சொல்றேன், வாய் வேற கை வேற. இரவு 11:30க்கு காலமானாங்கன்னு நடு ராத்திரிக்கு மேல அறிவிப்பு வந்துச்சு, விடியறதுக்குள்ள ஓபிஎஸ் முதலமைச்சர் பதவியும் ஏத்துக்கிட்டார். அன்னிக்கும் மறுநாளும் பெருசா எந்தக் கலவரமும் நடக்கல, அது ஒண்ணுதான் யாரும் எதிர்பார்க்காத செய்தி.

அதுக்கு அடுத்த ரெண்டு மாசம் வேற மாதிரி. டிசம்பர் 12 வர்தா, ஜனவரியில ஜல்லிக்கட்டு, அதையெல்லாம் விட்டுடறேன். பிப்ரவரி 5 ஜெயலலிதாவோட தோழி சசிகலாவை சட்டமன்றக் கட்சித் தலைவராத் தேர்ந்தெடுக்கறாங்க, ஓபிஎஸ் ராஜினாமா. 7ஆம் தேதி ராத்திரி மெரினா சமாதியில போய் கண்ணை மூடி நாப்பது நிமிஷம் உக்காந்தார். உக்காந்திருந்த மனுஷன் ஒரு வார்த்தை பேசல, அதுவே லைவ் செய்தி, வீட்டுல நாங்க சோத்துல கையை வச்சிக்கிட்டு நாப்பது நிமிஷமும் பாத்தோம். அப்புறம் கூவத்தூர் ரிசார்ட்ல எம்எல்ஏக்கள், வெளியில பத்திரிகைக்காரங்க. 14ஆம் தேதி அதே சொத்துக் குவிப்பு வழக்குல சசிகலா குத்தவாளின்னு சுப்ரீம் கோர்ட் தீர்ப்பு, 15ஆம் தேதி சசிகலா சமாதியில மூணு தடவை ஓங்கி அடிச்சிட்டு பெங்களூரு ஜெயிலுக்குப் போறாங்க, 16 எடப்பாடி பழனிசாமி பதவியேற்பு, 18ஆம் தேதி சட்டசபை நம்பிக்கை ஓட்டெடுப்புல 122க்கு 11ன்னு அவர் ஜெயிச்சார். அன்னிக்கு ஸ்டாலின் சட்டை கிழிஞ்சு வெளிய வந்தார்.

இதுல கவனிச்சுப் பாத்தா, டிசம்பர்ல பயந்த அதே ஜனம் பிப்ரவரியில சிரிச்சுது. மீம் மழை. அந்த மூணு அடியை ரிங்டோனா வச்சவனைக் கூட நான் பாத்தேன். சிலர் கேப்பாங்க, மாநிலமே ஆட்டம் காணும்போது சிரிக்கறது பொறுப்பில்லாத்தனம் இல்லையான்னு. எனக்கு அப்படித் தோணல. டிசம்பர்ல செய்தி உண்மையா இருந்தா பண்றதுக்கு கைக்கு ஒரு வேலை இருந்துச்சு, பால் வாங்கலாம், கடையைச் சாத்தலாம், புள்ளையை ரூமுக்கு அனுப்பலாம். பிப்ரவரியில எதுவும் பண்ண முடியாது. தேர்தல் முடிஞ்சு ஒரு வருஷம் கூட ஆகல, ஜனத்துகிட்ட ஓட்டு வாங்கின ஆளுங்க எங்கயோ ரிசார்ட்ல இருக்காங்க. எம்எல்ஏக்கள் போன் நம்பர் லிஸ்ட் ஒண்ணு வாட்ஸப்ல வந்துச்சு, ஜனம் அதைப் பாத்து போன் போட்டு யாருக்கு ஆதரவு கொடுக்கணும்னு சொன்னாங்க, எங்க தெருவுல கூட ரெண்டு மூணு பேர் ட்ரை பண்ணாங்க, ஸ்விட்ச் ஆஃப். அதுக்கப்புறம் சிரிக்கறதை விட வேற என்ன பண்றது?

உண்மை வெளிய வந்தா எல்லாரும் ஒத்துக்குவாங்கன்னு ஒரு எண்ணம் இருக்குல்ல, அதுவும் நடக்கல. 2017 செப்டம்பர்ல அமைச்சர் திண்டுக்கல் சீனிவாசனே மேடையில, அம்மா இட்லி சாப்பிட்டாங்கன்னு நாங்க சொன்னது பொய், மன்னிச்சிடுங்கன்னார். பெரியப்பாவுக்கு அன்னிக்கு தீபாவளி. எங்கம்மா என்ன சொன்னாங்க தெரியுமா, "இப்ப சொல்றதுதான் பொய்யி"ன்னாங்க. டிசம்பர் 20, ஆர்கே நகர் இடைத்தேர்தலுக்கு முந்தின நாள், ஜெயலலிதா ஆஸ்பத்திரியில ஜூஸ் குடிக்கற வீடியோ ஒண்ணை, சசிகலாவோட அக்கா மகன் தினகரன் பக்கம் இருந்த வெற்றிவேல் வெளியிட்டார். ஒரு வருஷமா எந்தப் போட்டோவைக் கேட்டாங்களோ அது வந்தே வந்துடுச்சு, வந்தப்போ யாரும் அந்தம்மா முகத்தைப் பாக்கல, நாளைக்கு ஓட்டு, இன்னிக்கு ஏன் விடறாங்கன்னுதான் பேசினாங்க. போட்டோ கேட்டுக்கிட்டே இருந்த பெரியப்பாவே அதை முழுசாப் பாக்காம போனைத் திருப்பிக் கொடுத்துட்டார்.

அப்புறம் ஜெயலலிதா சாவை விசாரிக்கப் போட்ட ஆறுமுகசாமி ஆணையம். 2017 செப்டம்பர்ல போட்டப்போ மூணு மாசம்னாங்க, அறிக்கை 2022 ஆகஸ்ட்ல கொடுத்து அக்டோபர் 18 சட்டசபையில வச்சாங்க. அதுல அவங்க இறந்தது டிசம்பர் 4 மத்தியானம் மூணு மணியிலேர்ந்து 3:50க்குள்ளன்னு இருக்கு, சசிகலாவையும் இன்னும் சிலரையும் விசாரிக்கணும்னும் இருக்கு. எய்ம்ஸ் டாக்டர் குழுவோ சிகிச்சையில குறை இல்லன்னு சொல்லிடுச்சு. இப்ப ஆளாளுக்கு வேணுங்கறதை எடுத்துக்கலாம். தினகரன் பக்கம் போன எங்க மாமா எய்ம்ஸ் சொன்னதைத்தான் சொல்வார். எங்கம்மா ஆணையம் சொன்னது நூத்துக்கு நூறு கரெக்ட், ஞாயித்துக்கிழமையே முடிச்சிட்டாங்க பாவிங்கன்னு அடிச்சு சொல்றாங்க, ஆனா வருஷா வருஷம் படத்துக்கு மாலை போடறது மட்டும் 5ஆம் தேதி. "4ன்னுதானேம்மா நம்பறே?"ன்னு கேட்டா, "கட்சியில போஸ்டர் 5ன்னுதானேடா ஒட்டறாங்க, நான் மட்டும் தனியா ஒரு நாள் முன்னாடி போடவா?"ங்கறாங்க.