நீர்க்கட்டி மனைவிக்கு இருக்க, கணவருக்குப் பரிசோதனை எதற்கு?

கேள்வி: எனக்கு வயது 29, கணவருக்கு 34. திருமணமாகி இரண்டு ஆண்டுகள் முடிந்தும் குழந்தை இல்லை. எனக்கு மாதவிடாய் 45 முதல் 60 நாள்களுக்கு ஒருமுறைதான் வருகிறது. ஸ்கேனில் இரண்டு சினைப்பைகளிலும் நீர்க்கட்டி இருப்பதாகச் சொன்னார்கள். அன்றிலிருந்து குறை என்னிடம்தான் என்று வீட்டில் முடிவாகிவிட்டது. கணவர் சாயப்பட்டறையில் பாய்லர் பகுதியில் வேலை செய்கிறார். விந்துப் பரிசோதனை செய்யச் சொன்னால், தாம்பத்தியத்தில் தனக்கு எந்தக் குறையும் இல்லாதபோது அது எதற்கு என்கிறார். நீர்க்கட்டி கரைவதற்கென்று மாமியார் ஒரு சூரணம் வாங்கித் தருகிறார். நேராக ஐ.வி.எஃப். (சோதனைக்குழாய்க் கருத்தரிப்பு) செய்துகொள்ளலாமா?
— ஈரோடு வாசகி

பதில்: இப்போதைக்கு ஐ.வி.எஃப். பற்றி யோசிக்க வேண்டியதில்லை. அதற்கு முன்பு உங்களுக்குக் கருமுட்டை ஒழுங்காக வெளியாகிறதா, உங்கள் கணவரின் விந்தணுக்கள் எந்த நிலையில் இருக்கின்றன என்ற இரண்டும் தெரிந்தாக வேண்டும். இரண்டில் எளிதாகவும் குறைந்த செலவிலும் தெரிந்துகொள்ளக்கூடியது கணவருடையது. உங்கள் வீட்டில் தள்ளிப்போடப்படுவதும் அதுதான்.

முதலில் நீர்க்கட்டி. கட்டி என்றதும் கரைக்க வேண்டிய ஒன்று என்று தோன்றுவது இயல்பு. ஆனால் ஸ்கேனில் தெரிந்தவை, ஒவ்வொன்றிலும் ஒரு கருமுட்டை இருக்கும் சிறு நீர்ப்பைகள். வழக்கமாக மாதந்தோறும் அவற்றில் ஒன்று வளர்ந்து உடைந்து முட்டையை வெளியிடும். உங்களுக்கு இன்சுலினும் ஆண் தன்மை ஹார்மோன்களும் சற்று மிகுந்திருப்பதால் அவை பாதி வளர்ச்சியிலேயே நின்றிருக்கலாம். நின்றுபோன வளர்ச்சியை மீண்டும் தூண்டுவதே சிகிச்சை. கரைப்பதற்கு அங்கே எதுவும் இல்லை. ஸ்கேனை மட்டும் வைத்து இந்தப் பிரச்சினையை உறுதிப்படுத்துவதும் சரியன்று. மாதவிடாய் ஒழுங்கின்மை, முகவாயில் முடி வளர்வது போன்ற ஆண் ஹார்மோன் மிகுதிக்கான அடையாளங்கள், ஸ்கேன் தோற்றம் ஆகிய மூன்றில் குறைந்தது இரண்டு இருக்க வேண்டும். உங்களுக்கு இரண்டு இருக்கின்றன என்றாலும், தைராய்டு குறைபாடும் பால் சுரப்பைத் தூண்டும் புரோலாக்டின் ஹார்மோனின் மிகுதியும் மாதவிடாயைத் தள்ளிப்போடக்கூடியவை என்பதால், அவை இல்லை என்பதை ரத்தப் பரிசோதனையில் பார்த்த பிறகே நீர்க்கட்டிப் பிரச்சினை என்று பெயர் சூட்ட வேண்டும்.

இரண்டு ஆண்டுகள் என்று நீங்கள் சொல்வதையும் சற்றுக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். மாதவிடாய் 28 நாள்களுக்கு ஒருமுறை வரும் பெண்ணுக்கு இரண்டு ஆண்டுகளில் ஏறத்தாழ 26 சுழற்சிகள் வந்திருக்கும். 50 நாள்களுக்கு ஒருமுறை வரும் உங்களுக்கு 14 அல்லது 15 வந்திருக்கும், அவற்றிலும் சிலவற்றில் முட்டை வெளியாகாமலே இருந்திருக்கலாம். முட்டை வெளியாவது பெரும்பாலும் அடுத்த மாதவிடாய்க்கு இரண்டு வாரம் முன்பு என்பதால், 50 நாள் சுழற்சியில் அது 36ஆம் நாளையொட்டி வரும். மாதவிடாய் வந்த 12ஆம் நாளிலிருந்து 16ஆம் நாள் வரை சேர்ந்திருந்தால் போதும் என்று உறவினர் சொல்லும் கணக்கு உங்களுக்குப் பொருந்தாது. நாள் எண்ணாமல் வாரத்துக்கு இரண்டு மூன்று முறை சேர்ந்திருப்பதே நல்லது.

இனி உங்கள் கணவரின் கேள்விக்கு வருகிறேன். கடிதத்தின் இந்தப் பகுதியை அவரே படித்தால் நல்லது. தாம்பத்தியத்தில் இயல்பாக ஈடுபடுவதும் விந்தணு உற்பத்தியும் உடலில் தனித்தனியாக நடக்கும் வேலைகள். வெளியேறும் விந்தின் பெரும்பகுதி விந்துப்பையிலும் புராஸ்டேட் சுரப்பியிலும் சுரக்கும் திரவம். விந்தணுக்களின் பங்கு அதில் மிகச் சிறியது. குடும்பக் கட்டுப்பாட்டு அறுவை சிகிச்சை செய்துகொண்ட ஆணுக்கு விந்தில் ஓர் அணுகூட இராது, ஆனால் தாம்பத்தியத்திலோ விந்தின் அளவிலோ அவருக்கு எந்த மாற்றமும் தெரியாது. ஆகவே அணுக்கள் இருக்கின்றனவா என்பதை நுண்ணோக்கியைத் தவிர வேறு எதுவும் சொல்ல முடியாது. குழந்தையில்லாத தம்பதியரில் ஏறத்தாழ பாதிப் பேரிடம் ஆணின் பக்கக் காரணம் தனியாகவோ பெண்ணின் காரணத்தோடு சேர்ந்தோ இருக்கிறது. மனைவிக்கு நீர்க்கட்டி இருப்பதால் கணவருக்கு எல்லாம் சரியாக இருக்கும் என்று ஆகிவிடாது.

பாய்லர் பகுதி வேலை என்று நீங்கள் எழுதியிருப்பதும் கவனிக்க வேண்டியது. உடல் வெப்பத்தைவிட இரண்டு மூன்று டிகிரி குறைவாக இருந்தால்தான் விரைகள் ஒழுங்காக வேலை செய்யும். அவை உடலுக்கு வெளியே இருப்பதே அதற்காகத்தான். நாள்முழுதும் அனலில் நிற்பவர்களில் சிலருக்கு அணுக்கள் குறையலாம். விரைக்கு மேலே, பெரும்பாலும் இடப்பக்கம், ரத்த நாளங்கள் புடைத்திருக்கும் வெரிகோசீலும் இதே விளைவைத் தரலாம். நிற்க வைத்துக் கையால் பரிசோதித்தாலே பல நேரங்களில் தெரிந்துவிடும். புகைப்பழக்கம் உண்டா, உடற்பயிற்சிக் கூடத்தில் யாராவது கொடுத்த டெஸ்டோஸ்டிரோன் ஊசியைப் போட்டுக்கொண்டாரா என்பதையும் மருத்துவரிடம் மறைக்காமல் சொல்லட்டும். ஆண்மை கூடும் என்று நம்பிப் போடும் அந்த ஊசி, விந்தணு உற்பத்தியை அறவே நிறுத்திவிடக்கூடியது.

பரிசோதனைக்கு முன் இரண்டிலிருந்து ஏழு நாள்கள் வரை விந்து வெளியேறாமல் இருக்க வேண்டும். ஆய்வகத்தில் அதற்கென உள்ள தனி அறையில் கொடுக்கலாம். கூச்சமாக இருந்தால், அவர்கள் தரும் டப்பாவில் வீட்டிலேயே சேகரித்து, சட்டைக்குள் உடல் சூட்டிலேயே வைத்து ஒரு மணி நேரத்துக்குள் கொண்டுபோய்ச் சேர்க்கலாம். சாதாரண ஆணுறையில் சேகரிக்கக் கூடாது. உலக சுகாதார நிறுவனம் 2021இல் வெளியிட்ட கையேட்டின்படி கீழ் எல்லைகள் இவை: அளவு 1.4 மில்லி, ஒரு மில்லியில் 1.6 கோடி அணுக்கள், முன்னோக்கி நீந்துபவை 30 சதவீதம், இயல்பான வடிவமுள்ளவை 4 சதவீதம். கடைசி எண்ணைப் பார்த்துவிட்டு நூற்றுக்குத் தொண்ணூற்றாறு பழுது என்று பதறி வருகிறவர்கள் அநேகர். நான்கு இருந்தாலே இயல்புதான். எண்கள் குறைந்திருந்தாலும் ஒரே அறிக்கையை வைத்து முடிவு கட்டுவதில்லை. ஓர் அணு உருவாகி முதிர்ந்து வெளிவர ஏறத்தாழ மூன்று மாதம் ஆவதால், இடையில் வந்த ஒரு கடுங்காய்ச்சல்கூட அறிக்கையைக் கெடுத்துவிடும். எனவே இடைவெளி விட்டு மீண்டும் பார்ப்போம். அறிக்கை வரும்முன் வேலையை விடுவது பற்றியெல்லாம் பேச வேண்டாம்.

அவருடைய அறிக்கை நன்றாக இருந்தால் உங்கள் சிகிச்சை பெரும்பாலும் எளிது. எடை மிகுதியாக இருந்து, அதில் 5 சதவீதம் குறைந்தாலே, அதாவது 70 கிலோவில் மூன்றரை கிலோ குறைந்தாலே, சிலருக்கு மாதவிடாய் தானாக ஒழுங்குக்கு வருகிறது. முட்டை வளர்ச்சியைத் தூண்ட முதலில் தரப்படுவது லெட்ரோசோல் மாத்திரை. மாதவிடாயின் தொடக்கத்தில் ஐந்து நாள்கள் சாப்பிட வேண்டும், முட்டை வளர்கிறதா என்று ஸ்கேனில் பார்க்க வேண்டும். இணையத்தில் தேடினால் இது மார்பகப் புற்றுநோய் மருந்து என்று வரும். அது உண்மைதான். குழந்தையின்மைக்கு இதைத் தருவதை இந்திய அரசு 2011இல் தடை செய்ததும், 2017இல் அந்தத் தடையை நீக்கியதும் உண்மைதான். இன்று உலகெங்கும் இந்தப் பிரச்சினைக்கு முதல் தெரிவாக இருப்பது இதுவே. ஆனால் கடையில் நீங்களாக வாங்கிச் சாப்பிடக் கூடாது. சில சுழற்சிகளுக்குப் பிறகும் கரு தங்காவிட்டால் கருக்குழாய் அடைப்பு உள்ளதா என்று பார்ப்போம்; நம் நாட்டில் காசநோயும் சத்தமில்லாமல் கருக்குழாயை அடைக்கக்கூடியது.

ஐ.வி.எஃப். என்பது கருக்குழாய் இரண்டும் அடைபட்டவர்களுக்கும், அணுக்கள் மிகக் குறைந்தவர்களுக்கும், எளிய சிகிச்சைகள் பலனளிக்காதவர்களுக்கும் உரியது. அந்த நிலை வந்தால், 2021ஆம் ஆண்டின் செயற்கைக் கருத்தரிப்புச் சட்டப்படி பதிவு பெற்ற மையமா என்று கேட்டுவிட்டுச் சேருங்கள்.

சூரணத்தைப் பொறுத்தவரை, அதில் என்ன கலந்திருக்கிறது என்பது சீட்டில் இல்லையென்றால் இப்போதே நிறுத்திவிடுங்கள். கரு உருவாகும் வாய்ப்புள்ள நாள்களில் சேர்மானம் தெரியாத எந்த மருந்தும் வேண்டாம். உங்கள் மாமியாரிடம், மருத்துவர் இருவரையும் சேர்ந்து வரச் சொல்லியிருக்கிறார், அதுவரை வேறு மருந்து கூடாது என்று என் பேரில் சொல்லிக்கொள்ளலாம். ஃபோலிக் அமிலம் நாளொன்றுக்கு 400 மைக்ரோகிராம் இன்றே தொடங்கலாம். மாதவிடாய் 90 நாள்களைக் கடந்தால் முதலில் வீட்டிலேயே கர்ப்பப் பரிசோதனை செய்து பாருங்கள். கர்ப்பம் இல்லையென்றால், கருப்பையின் உட்சவ்வு தடித்துக்கொண்டே போகும் என்பதால், காத்திருக்காமல் மகப்பேறு மருத்துவரிடம் காட்டுங்கள்.