பழைய ரைஃபிள், புதிய தோட்டா: கேள்வி பதில்

போன போரின் ரைஃபிளைத் திருத்தி அடுத்த போருக்கு எடுத்துக்கொண்ட கதைகள்தான் இன்றைக்கு. விலை, விற்பனை பற்றி என்னிடம் கேட்க வேண்டாம்.

கேள்வி: புதிதாகவே செய்யாமல் ஏன் பழையதைத் திருத்தினார்கள் சார்?

பதில்: ரிசீவர்தான் காரணம். போல்ட் (தோட்டாவை உள்ளே தள்ளிப் பூட்டும் தண்டு) ஓடுகிற, வெடிப்பின் விசையைத் தாங்குகிற அந்த இரும்பு உடலைக் கடைந்தெடுக்கத்தான் நேரமும் இயந்திரமும் அதிகம் வேண்டும். அது கையில் இருந்தால் பாதி வேலை முடிந்தது.

இதில் ஃபின்லாந்தை மிஞ்ச ஆளில்லை. 1917-இல் விடுதலை அறிவித்த கையோடு, ரஷ்யப் படைகளிடமிருந்து மொசின்-நகாந்த் ரைஃபிள்களைப் பறித்துக்கொண்டார்கள். வெளிநாடுகளிலும் தேடித் தேடி வாங்கினார்கள். அப்புறம் பேரலை மாற்றினார்கள், கட்டையை மாற்றினார்கள், குறிமுள்ளை மாற்றினார்கள். ரிசீவரை மட்டும் கடைசிவரை அவர்கள் செய்யவே இல்லை. எம்/27, எம்/28-30, எம்/39 என்ற ஃபின்லாந்து மாடல்கள் எல்லாமே பெரும்பாலும் ஜார் காலத்து உடல்தான். எம்/39-இன் கட்டையைக் கழற்றி ரிசீவரின் வாலுக்கு அடியில் பார்த்தால், 1890-களின் ஆண்டு எண் வெட்டியிருப்பது சாதாரணம். ஜாரின் படைக்காக அடித்த இரும்பு, 1939-40 குளிர்காலப் போரில் செஞ்சேனையையே சுட்டது. பேர்போன ஃபின்லாந்து ஸ்னைப்பர் சீமோ ஹாய்ஹா வைத்திருந்ததும் ஓர் எம்/28-30 தான். அதில் தொலைநோக்கி கிடையாது.

கேள்வி: இத்தாலியர்கள் தங்கள் பழைய வெட்டர்லி ரைஃபிளை 6.5 மி.மீ.க்கு மாற்றியது எப்படி?

பதில்: 1870-இல் வந்தபோது அது 10.35 மி.மீ., ஒற்றைத் தோட்டா. 1887-இல் நான்கு தோட்டா பிடிக்கும் விட்டாலி மேகசினைப் பொருத்தினார்கள். 1915-இல் போரில் இறங்கியபோது கார்க்கானோ ரைஃபிள்கள் போதவில்லை. அதனால் பழைய பேரலின் துளையைக் கடைந்து அகலமாக்கி, உள்ளே 6.5 மி.மீ. குழாய் ஒன்றைச் செருகிப் பற்றவைத்தார்கள். போல்ட்டின் முகப்பைத் திருத்தி, கார்க்கானோவின் ஆறு தோட்டா கிளிப் போகும்படி மேகசினையும் மாற்றினார்கள். கெட்டிக்காரத்தனமான வேலை, மறுக்கவில்லை. ஆனால் அந்த போல்ட்டின் பூட்டுப் பற்கள் பின்பக்கம் இருக்கின்றன. உடலோ கருமருந்துக் காலத்து இரும்பு. காவல் வேலைக்கும் பயிற்சிக்கும் கொடுத்தார்களே தவிர, நம்பிக் கொடுக்கவில்லை. தோட்டா உள்ளே போவது வேறு, பூட்டு தாங்குவது வேறு.

கேள்வி: என் நண்பரிடம் அப்படி ஒரு வெட்டர்லி இருக்கிறது. கார்க்கானோ தோட்டா கச்சிதமாகப் போகிறது. சுடலாமா?

பதில்: கூடாது. மேலே உள்ள கடைசி வரியை இன்னொரு முறை படியுங்கள்.

கேள்வி: இந்தப் பழக்கம் முதல் உலகப் போரில்தான் தொடங்கியதா?

பதில்: அதற்கு முன்பே உண்டு. 1857-இல் கொழுப்புத் தடவிய தோட்டாவால் பெயர் கெட்ட என்ஃபீல்டையே எடுத்துக்கொள்ளுங்கள். 1866 முதல் அதன் பேரலின் பின்புறத்தை வெட்டி, கீல் வைத்த மூடி பொருத்தி, ஸ்னைடர்-என்ஃபீல்டு ஆக்கினார்கள். வாய்வழியாக இடித்து நிரப்பியது பின்வழியாக நிரப்புவதாக மாறிவிட்டது. 1868 அபிசீனியப் படையெடுப்பில் பிரிட்டிஷ் சிப்பாயின் கையில் அது இருந்தது. கூடப் போன இந்தியச் சிப்பாயின் கையில் பழைய மஸ்கட். 1857-க்குப் பிறகு இந்தியர்களை ஆயுதத்தில் ஒரு தலைமுறை பின்னால் வைத்திருந்தது தற்செயல் அல்ல.

கேள்வி: ஜெர்மன் கெவேர் 88 ரைஃபிளில் 8 மி.மீ. தோட்டா போடலாம்தானே? 8 என்றால் 8 தானே?

பதில்: இல்லை. முதலில் வந்த குண்டின் விட்டம் சுமார் 8.1 மி.மீ.; 1905-க்குப் பிந்தைய எஸ் குண்டு சுமார் 8.2. அதற்கேற்பத் திருத்தியவற்றின் ரிசீவரில் 'எஸ்' முத்திரை இருக்கும். ஆனால் முத்திரை இருப்பதாலேயே சுடலாம் என்று நான் சொன்னதாக எழுதிவிடாதீர்கள்.

கேள்வி: நம்ம இஷாப்பூர் தொழிற்சாலையின் 2ஏ1 ரைஃபிள் பற்றிச் சொல்லவே இல்லையே? பழைய த்ரீநாட்த்ரீயை 7.62-க்கு மாற்றியதுதானே அது?

பதில்: இல்லை. 1962 சீனப் போருக்குப் பிறகு, வலுவான எஃகில் புதிதாகவே செய்தது. வடிவம்தான் பழைய மார்க் 3 என்ஃபீல்டு, அதாவது நீங்கள் சொல்லும் த்ரீநாட்த்ரீ.

2ஏ1 பற்றிக் கேட்டவரே மீண்டும்: மன்னிக்கவும், நீங்கள் சொல்வது தவறு. பிரிட்டனிலேயே என்ஃபீல்டை 7.62-க்கு மாற்றியிருக்கிறார்கள்.

பதில்: மாற்றினார்கள், ஒப்புக்கொள்கிறேன். எல்42ஏ1. ஆனால் அது நம்பர் 4 என்ஃபீல்டு, மார்க் 3 அல்ல. இரண்டாம் உலகப் போரின் ஸ்னைப்பர் ரைஃபிளுக்கு கனமான புதுப் பேரல் போட்டு, 1982 ஃபாக்லாந்து போரிலும் பயன்படுத்தினார்கள். அதை வைத்து இஷாப்பூரைத் தீர்மானிக்க முடியாது.

மீண்டும் அவரே: 1940-களின் முத்திரையோடு இஷாப்பூரில் மாற்றிய ஒன்றை நானே கண்ணால் பார்த்தேன்.

பதில்: பார்த்திருப்பீர்கள். மேகசின் இருந்த இடத்தில் மரக்கட்டை செருகியிருந்ததா? அப்படியானால் அது .410 போலீஸ் மஸ்கட். த்ரீநாட்த்ரீயின் பேரலை வழவழப்பாக்கி, ஒற்றைத் தோட்டாவாகக் குறைத்தது. கலவரத்தில் யாராவது பிடுங்கிக்கொண்டு போனாலும் த்ரீநாட்த்ரீ போலப் பயன்படக் கூடாது என்பதுதான் யோசனை. மாற்றம்தான், ஆனால் பலத்தைக் குறைக்கிற மாற்றம். 2ஏ1 என்றால் பிடியருகே உள்ள பட்டையில் 7.62 என்றும் 2ஏ1 என்றும் ஆண்டோடு வெட்டியிருக்கும். குறிமுள்ளில் உள்ள தூர அளவும் 2000-க்குப் பதில் 800 வரைதான்.

மீண்டும் அவரே: மரக்கட்டை இருந்தது. சரி.

கேள்வி: இஸ்ரேலிய மவுசர்?

பதில்: நாஜி முத்திரையின் பக்கத்திலேயே தாவீதின் நட்சத்திரம் குத்திய ஜெர்மன் கே98கே ரைஃபிள். 1950-களின் இறுதியிலிருந்து 7.62-க்கு மாற்றினார்கள். தனியாக எழுத வேண்டிய விஷயம்.

கேள்வி: பிரெஞ்சு கிரா ரைஃபிளை 1914-இல் 8 மி.மீ. லெபெலுக்கு மாற்றினார்களே, அதில் இப்போது...

பதில்: சுடக்கூடாது.

கேள்வி: நான் முடிக்கவே இல்லையே சார். அதில் இப்போது அருங்காட்சியகத்தில் பார்க்கும்போது எதைக் கவனிக்கலாம் என்று கேட்க வந்தேன்.

பதில்: மன்னிக்கவும். பேரலின் மேல் மரக் கைக்காப்பு இருக்கிறதா என்று பாருங்கள். 1874-இன் கிராவில் அது கிடையாது.