சூடு கண்ட செல்

கேள்வி: காய்ச்சல் அதிகமாக அடித்தால் புற்றுநோய் செல்கள் செத்துவிடும் என்று ஒரு வீடியோவில் சொன்னார்கள். உண்மையா? சூடும் கீமோவும் செல்லுக்குள் என்னதான் செய்கின்றன?

காய்ச்சல் சூட்டில் சாகாது. பாதி சூடு காட்டிப் பழக்கினால், அடுத்த சூட்டை இன்னும் நன்றாகத் தாங்கும். இதை நான் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை, ஒரு வார வேலையைப் பாழாக்கித் தெரிந்துகொண்டேன்.

சில ஆண்டுகள் செல் வளர்க்கும் ஆய்வகம் ஒன்றில் இருந்தேன். புற்றுநோய் செல்களைத் தட்டில் வளர்ப்பது, சுடவைப்பது, மருந்து ஊற்றுவது, எத்தனை பிழைத்தன என்று எண்ணுவது, இதுதான் வேலை. 44 டிகிரி செல்சியஸ் தண்ணீர்த் தொட்டியில் ஒரு மணி நேரம் வைத்து எடுத்து, பத்து நாள் வளரவிட்டு, ஊதாச் சாயம் போட்டுக் கழுவினால் அங்கொன்றும் இங்கொன்றுமாகத்தான் புள்ளி தெரியும். ஒவ்வொரு புள்ளியும் பிழைத்த ஒரே ஒரு செல்லின் வம்சம். ஒரு முறை சாயம் போட்டுப் பார்த்தால் தட்டு முழுக்க அம்மை போட்ட மாதிரி புள்ளிகள். தட்டை மாற்றிவிட்டேனோ, தொட்டியின் சூடு குறைந்துவிட்டதோ என்று இரண்டு நாள் குழம்பினேன். சீனியர் அக்கா ஒருவர் வந்து பார்த்துவிட்டு ஒரே கேள்வி கேட்டார்: "சுடறதுக்கு முன்னாடி அந்த வாரக் கடைசியில இன்குபேட்டர் எவ்வளவு காட்டுச்சு?"

செல்களை 37 டிகிரியில் வைத்து வளர்க்கும் பெட்டிதான் இன்குபேட்டர். வெளியே 37 என்றுதான் காட்டியது. உள்ளே தண்ணீர்க் குவளையில் தெர்மாமீட்டர் போட்டுப் பார்த்தால் 41. சென்சார் பழுது. சனி, ஞாயிறு முழுக்க என் செல்கள் காய்ச்சலில் கிடந்திருக்கின்றன. திங்கட்கிழமை நான் 44-ல் போட்டபோது அவை தயாராக இருந்தன.

சூடு கண்ட பூனை அடுப்பங்கரைக்குப் போகாது என்பார்கள். சூடு கண்ட செல் அப்படி இல்லை, அடுப்பங்கரையிலேயே குடித்தனம் நடத்தும். இதற்கு வெப்பத் தாங்குதிறன் என்று பெயர். 1975-லேயே ஹீலா செல்களில், அதாவது ஆய்வகங்களில் வழிவழியாக வளர்க்கப்படும் ஒரு மனிதப் புற்றுநோய் செல் வகையில், காட்டிவிட்டார்கள். நான்தான் தாமதம்.

சரி, உள்ளே என்ன நடக்கிறது? புரதம் என்பது சரியாக மடித்தால்தான் வேலை செய்யும் நூல். சூடு ஏறினால் மடிப்பு கலைகிறது. கலைந்த புரதங்களின் ஒட்டும் பகுதிகள் வெளியே வந்து ஒன்றோடொன்று சிக்கிக்கொள்கின்றன. இதைச் சமாளிக்கச் செல்லில் ஹெச்எஸ்பி70, ஹெச்எஸ்பி90 போன்ற வெப்ப அதிர்ச்சிப் புரதங்கள் எப்போதும் கொஞ்சம் இருக்கும். பெயரில் உள்ள எண் அவற்றின் எடை, கிலோடால்டன் என்ற மூலக்கூறு எடை அலகில். சாதாரண நாளில் இவற்றுக்கு இன்னொரு வேலையும் உண்டு. ஹெச்எஸ்எஃப்1 என்ற சுவிட்சைப் பிடித்து அமுக்கி வைத்திருப்பது. சூடு வந்ததும் இவை சிக்கெடுக்க ஓடிவிடுகின்றன, கைவிடப்பட்ட ஹெச்எஸ்எஃப்1 மூன்று மூன்றாகச் சேர்ந்து டிஎன்ஏவில் போய் உட்கார்ந்து, இன்னும் நிறைய ஹெச்எஸ்பி செய்யச் சொல்லி உத்தரவு போடுகிறது. மற்றப் புரதங்களின் உற்பத்தி அப்போது பெருமளவு நிறுத்தி வைக்கப்படும். வேண்டிய அளவு ஹெச்எஸ்பி சேர்ந்ததும் அவற்றில் சில திரும்பி வந்து சுவிட்சை மீண்டும் அமுக்கிக்கொள்ளும். இவ்வளவு எளிமையான தெர்மோஸ்டாட் எங்கள் இன்குபேட்டரில் இருந்திருந்தால் எனக்கு அந்த வாரம் மிஞ்சியிருக்கும்.

இது கண்டுபிடிக்கப்பட்டதே ஓர் இன்குபேட்டர் கோளாறால்தான். இத்தாலிய விஞ்ஞானி ஃபெருச்சியோ ரிட்டோசாவின் ஆய்வகத்தில் யாரோ சூட்டைக் கூட்டிவைக்க, பழ ஈயின் குரோமோசோம்களில் புது இடங்களில் வீக்கம் தெரிந்தது. வீக்கம் என்றால் அந்த இடத்து மரபணு வேலையில் இறங்கிவிட்டது என்று அடையாளம். ஒரு பெரிய இதழ் இதில் முக்கியத்துவம் இல்லை என்று திருப்பி அனுப்ப, 1962-ல் வேறோர் இதழில் வெளிவந்தது. ஈயில் பார்த்த அதே ஏற்பாடுதான் எலியிலும் மனிதரிலும். அவர் கோளாறில் ஒரு துறையே பிறந்தது, என் கோளாறில் ஒரு திட்டுதான் கிடைத்தது.

இப்போது கணக்குக்கு வருவோம். செல்லைக் கொல்வது சூடு மட்டும் அல்ல, சூடும் நேரமும் சேர்ந்து. 1984-ல் சப்பாரெட்டோ, டூவி என்ற இரண்டு ஆய்வாளர்கள் கொடுத்த கணக்கு இன்றும் மருத்துவமனைகளில் ஓடுகிறது. 43 டிகிரிக்கு மேலே ஒவ்வொரு டிகிரிக்கும் வேண்டிய நேரம் பாதியாகும். 43-ல் 60 நிமிடம், 44-ல் 30, 45-ல் 15. 43-க்குக் கீழே இறங்கினால் ஒவ்வொரு டிகிரிக்கும் நேரம் நான்கு மடங்கு. 42-ல் 4 மணி, 41-ல் 16 மணி, 40-ல் 64 மணி. கீழே இறங்கியதும் கணக்கு இப்படி முரண்டு பிடிப்பதற்குக் காரணம், அந்த மிதமான சூட்டில் செல் சூட்டை அனுபவித்துக்கொண்டே தாங்கவும் கற்றுக்கொள்கிறது. அதனால்தான் காய்ச்சல் கதை ஓடாது. உடம்பு முழுக்க 40 டிகிரியில் நாள்கணக்கில் கிடந்தால் கட்டிக்கு முன்னால் ஆள் போய்விடுவார். சுடுதண்ணீர்க் குளியல், நீராவி அறை எல்லாம் தோலைச் சூடாக்கும், உள்ளே இருக்கும் கட்டியை 43-க்குக் கொண்டுபோகாது.

புற்றுநோய் செல் இயல்பிலேயே சூட்டுக்குப் பயந்தது என்பதும் அரைகுறை உண்மை. தனியாக எடுத்து நல்ல ஊட்டத்தில் வளர்த்தால் பல புற்றுநோய் செல்கள் சாதாரண செல் அளவுக்கே தாங்கும். வித்தியாசம் குடியிருக்கும் இடத்தில் இருக்கிறது. கட்டிக்குள் ரத்த ஓட்டம் தாறுமாறு, ஆக்சிஜன் குறைவு, அமிலம் அதிகம், ஊட்டம் பற்றாது. அந்த நிலையில் செல் சூட்டுக்குச் சீக்கிரம் மடங்கும். அதோடு, நல்ல திசுவில் ரத்தக்குழாய் விரிந்து சூட்டைக் கொண்டுபோய்விடும், கட்டியில் அது சரியாக நடக்காது.

எனக்கு இதில் மிகவும் பிடித்த இடம் அடுத்தது. ஆக்சிஜன் இல்லாத செல்லைக் கதிர்வீச்சால் கொல்வது கடினம், ஆனால் சூடு அதைத்தான் எளிதில் பிடிக்கும். டிஎன்ஏவை நகலெடுத்துக்கொண்டிருக்கும் கட்டத்தில் உள்ள செல்லும் அப்படியே, கதிருக்குக் கெட்டி, சூட்டுக்கு இளக்கம். ஒன்று விட்டதை மற்றது பிடிக்கிறது. போதாததற்கு, 2011-ல் நெதர்லாந்து ஆய்வாளர்கள் காட்டியது: 41 முதல் 42.5 டிகிரி வரையிலான சூட்டில், உடைந்த டிஎன்ஏவைத் துல்லியமாகச் சரிசெய்யும் பிஆர்சிஏ2 புரதம் சிதைந்துபோகிறது. ஆக மிதமான சூடு தனியாகக் கொல்லாவிட்டாலும், கதிரோ மருந்தோ செய்த காயத்தைத் தைக்கும் ஊசியைப் பிடுங்கிக்கொள்கிறது. கதிரும் சூடும் அடுத்தடுத்துக் கிடைக்கும்படி பார்ப்பது இதனால்தான். சூட்டை வாரம் ஒன்றிரண்டு முறைக்கு மேல் தராததற்குக் காரணம் முன்னே சொன்ன தாங்குதிறன், அது இறங்கச் சில நாள் ஆகும்.

மருத்துவமனை நிலவரம் கலவைதான். 2000-ல் வெளியான நெதர்லாந்து ஆய்வில், முற்றிய கருப்பைவாய்ப் புற்றில் கதிர்வீச்சு மட்டும் பெற்றவர்களில் 57 சதவீதத்தினருக்குக் கட்டி முழுதாகக் கரைந்தது, சூடும் சேர்த்தவர்களில் 83 சதவீதம். 2018-ல் வந்த சினைப்பைப் புற்று ஆய்வில், அறுவை முடிந்ததும் வயிற்றுக்குள் சிஸ்பிளாட்டின் என்ற கீமோ மருந்தை 40 டிகிரியில் 90 நிமிடம் சுழலவிட்டார்கள். பாதிப் பேர் உயிரோடிருந்த காலம் 33.9 மாதத்திலிருந்து 45.7 மாதம் ஆனது. ஆனால் பெருங்குடல் புற்று வயிற்றுக்குள் பரவியவர்களுக்கு ஆக்சாலிபிளாட்டின் என்ற கீமோ மருந்தைச் சூடாக ஊற்றிப் பார்த்த 2021-ன் பிரெஞ்சு ஆய்வில் ஆயுள் கூடவில்லை. எந்த மருந்து, எவ்வளவு நேரம், எந்தப் புற்று என்று பார்க்காமல் "சூடு நல்லது" என்பவரை நம்பாதீர்கள்.

கீமோ பக்கம் பார்த்தாலும் செல்லின் பதில் இதே குடும்பம்தான். சிஸ்பிளாட்டின் டிஎன்ஏவில் முடிச்சுப் போடும். பாக்லிடாக்சல், செல் பிரியும்போது இழுக்கும் கயிறுகளை உறையவைக்கும். செல் முதலில் வேலையை நிறுத்தும், சரிசெய்யப் பார்க்கும். முடியாவிட்டால் தானே தன்னை ஒழுங்காக அழித்துக்கொள்ளும், அல்லது பிரியும்போது குலைந்து சாகும், அல்லது சாகாமலும் பிரியாமலும் கிழடாகிக் கிடக்கும். இந்தக் கடைசி ரகம் ஆய்வகத்தில் பெரிய ஏமாற்றுக்காரன். மருந்து போட்ட மறுநாள் எம்டிடி சாயம் ஊற்றினால் உயிரோடு இருக்கிறேன் என்று ஊதா நிறம் காட்டும். பத்து நாள் கழித்து ஒரு புள்ளிகூட வராது. அதனால் ஒரு நாள் சோதனையை வைத்துக்கொண்டு "இந்தச் சாறு புற்றைக் கொன்றது", "கொல்லவில்லை" என்று எதைச் சொன்னாலும் எனக்குப் பொறுமை இருப்பதில்லை.

ஹெச்எஸ்பி70 இங்கேயும் வந்து நிற்கும். தற்கொலை இயந்திரத்தின் பாகங்களைப் பிடித்து நிறுத்தும் வேலையும் அதற்குத் தெரியும். புற்றுநோய் செல்லில் கோணலாகப் பிறந்த புரதங்கள் ஏராளம், அதனால் அது இந்த உதவியாளர்களை எந்நேரமும் நம்பியே வாழ்கிறது. 2007-ல் அமெரிக்க உயிரியலாளர் சூசன் லிண்ட்குவிஸ்டின் குழு, ஹெச்எஸ்எஃப்1 இல்லாத எலிகளுக்குக் கட்டி வருவது குறைவு என்று காட்டியது. சரி, ஹெச்எஸ்பி90-ஐ மருந்தால் அடக்கிவிடலாமே என்று இறங்கினார்கள். என்ன ஆயிற்று? மேலே சொன்ன சுவிட்ச் நினைவிருக்கிறதா, அதைப் பிடித்திருந்த கையையும் சேர்த்து விடுவித்துவிட்டார்கள். ஹெச்எஸ்எஃப்1 விழித்து ஹெச்எஸ்பி70-ஐக் குவித்தது. சூடே இல்லாமல் செல் சூடு கண்டுவிட்டது. பல மருந்துகள் இப்படித் தடுமாறிய பிறகு, 2022-ல் ஜப்பானில் பிமிடெஸ்பிப் என்ற ஒன்று, குடல் பகுதியில் வரும் ஒரு வகைக் கட்டிக்கு அனுமதி பெற்றது.

அப்புறம், நீங்கள் காய்ச்சலைப் பற்றிக் கேட்டதால் ஒன்று. கீமோ எடுத்துக்கொண்டிருக்கும் யாருக்காவது உடம்பு 38 டிகிரியைத் தொட்டால், கட்டி கரைகிறது என்று நினைத்துப் போர்த்திக்கொண்டு படுக்க வேண்டாம். கீமோ வெள்ளை அணுக்களைக் குறைத்துவிடும், அந்த நேரத்தில் காய்ச்சல் என்றால் கிருமி ரத்தத்தில் ஏறியிருக்கலாம். இரவு இரண்டு மணி என்றாலும் அப்போதே மருத்துவரைக் கூப்பிடுங்கள்.