கேள்வி – பதில்: ஒலிப்பதிவு அறைக்கு என்ன அளவு?

கேள்வி: காவடிப் பாடல்கள் பதிவு செய்ய மொட்டைமாடியில் ஓர் அறை எழுப்பப் போகிறோம். சிமெண்ட் கல் சுவர், கான்கிரீட் கூரை. நீளம் 5.4 மீட்டர், அகலம் 2.7, உயரம் 2.7. ஒலி சரியாக வருமா?
– வாசகர், ரோஸ் ஹில், மொரீசியஸ்

பதில்: வராது. கான்கிரீட் போடுவதற்கு முன்பே கேட்டீர்களே, அதுவரை நல்லது.

எதிரெதிர்ச் சுவர்களுக்கு நடுவே சில தாழ்ந்த ஒலிகள் சிக்கிக்கொண்டு முழங்கும். எவை என்று பார்க்க, 172ஐ அறையின் அளவால் வகுங்கள். (ஒலி விநாடிக்குச் சுமார் 344 மீட்டர் ஓடும், அதில் பாதி இது.) 2.7க்கு 64 ஹெர்ட்ஸ் (விநாடிக்கு 64 அதிர்வுகள்) வரும். அகலம், உயரம் இரண்டுக்கும் அதே 64. நீளத்துக்கு 32; மடங்குகளும் முழங்கும் என்பதால் அதன் இரட்டிப்பும் 64! மூன்றும் ஒரே இடத்தில் விழுவதால் பேஸ் கிட்டாரில் அந்த ஒரு சுரம் மட்டும் காதை அடைக்கும், பக்கத்துச் சுரம் மெலிந்துபோகும். 128இலும் இதே கதை. மிக்சரில் ஈக்வலைசரை (தாழ்ந்த, உயர்ந்த ஒலிகளைத் தனித்தனியே கூட்டிக் குறைக்கும் திருகியை) திருகி இதைத் தீர்க்க முடியாது; நாற்காலியை அரை மீட்டர் நகர்த்தினாலே கேட்பது மாறிவிடும்.

உயரம் 2.7 என்றே இருக்கட்டும். அகலத்தை 3.7 ஆக்கி, நீளத்தை 5.1க்குக் குறையுங்கள். இப்போது மடங்குகளையும் சேர்த்து 34, 46, 64, 67, 93, 101 என்று பிரிந்து நிற்கும். நீளத்தை 5.4இலேயே விட்டால் அது உயரத்தின் இரு மடங்கு. அகலப்படுத்தியும் பாதிப் பலன்தான். அகலத்துக்கு இடமே இல்லையா? நீளம் 4.3, உயரம் 3.1 என்று கட்டுங்கள்: 40, 55, 64. அறை சிறிதுதான், ஆனால் உங்கள் வரைபடத்தைவிட எவ்வளவோ மேல்.

இவையெல்லாம் பூச்சும் தரை ஓடும் முடிந்தபின் உள்ள உள்ளளவு. மேஸ்திரியிடம் அப்படியே சொல்லுங்கள். சுவரைக் கோணலாகக் கட்டச் சிலர் சொல்வார்கள். கைதட்டினால் வரும் படபடப்பு அதனால் குறையும். தாழ்ந்த முழக்கம் போகாது, கணக்குதான் சிக்கலாகும்.

அளவு சரியானாலும் பேஸை, அதாவது தாழ்ந்த ஒலியை, கான்கிரீட் விழுங்காது. நான்கு மூலைகளிலும் தரையிலிருந்து கூரைவரை, 10 சென்டிமீட்டர் தடிமனுள்ள ராக்வூல் (பாறை இழை) பலகையைக் குறுக்காக நிறுத்தி, பின்னால் காலியிடம் விடுங்கள். மேலே காற்றுப் புகும் துணி போதும்.

கேள்வி: சுவரில் முட்டை அட்டை ஒட்டினால் போதாதா?
– வாசகி, காத்ர் போர்ன், மொரீசியஸ்

பதில்: உச்சஸ்தாயி ஒலியைக் கொஞ்சம் மழுக்கும், அவ்வளவே. பேஸையும் பிடிக்காது, தெரு இரைச்சலையும் தடுக்காது. தீப்பிடித்தால் மளமளவென எரியும். ஒட்டாதீர்கள்; ஒட்டியிருந்தால் அகற்றிவிடுங்கள்.