வெஸ்டர்ன் ஸ்விங் தொண்டுக் கச்சேரிக்குப் போகலாமா, பணம் மட்டும் கொடுத்தால் போதாதா?

கேள்வி: அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில் உள்ள ஆஸ்டினுக்குப் புதிதாகக் குடிவந்திருக்கிறேன். ஏழை இசைக்கலைஞர்களின் மருத்துவச் செலவுக்காக ஒரு பழைய வெஸ்டர்ன் ஸ்விங் குழு நடத்தும் கச்சேரிக்கு அலுவலக நண்பர் அழைக்கிறார். எனக்கு அந்த இசை பழக்கமில்லை. டிக்கெட் பணத்தைக் கொடுத்துவிட்டு வீட்டிலேயே இருந்துவிடலாமா?

பதில்: போங்கள். கௌபாய் தொப்பிக்காரர்களின் பாட்டு நமக்கு எங்கே ஒட்டப்போகிறது என்ற தயக்கம் எனக்கும் இருந்தது. முதல் அரைமணி நேரத்தில் கரைந்துவிட்டது.

வெஸ்டர்ன் ஸ்விங் 1930களில் டெக்சாஸ், ஓக்லஹோமா நடனக்கூடங்களில் வளர்ந்த இசை. நாட்டுப்புற வயலினோடு ப்ளூஸும் ஜாஸும் சேர்ந்தது. ஃபோர்ட் வொர்த்தில் மில்டன் பிரவுனும், பிறகு டல்சா நகரில் பாப் வில்ஸும் இதை வளர்த்தார்கள். வில்ஸ் ஒரு காலத்தில் முடிதிருத்தும் தொழில் செய்தவர். வானொலியில் மாவு விளம்பரத்துக்காக வாசித்து ஊரறிந்தவர் ஆனார். பாட்டின் நடுவே "ஆ...ஹா" என்று குரல் கொடுப்பார். நம் பாடகர் வயலின்காரரைத் திரும்பிப் பார்த்து 'பலே' சொல்வாரே, அதேதான். இவர் கூடம் அதிரச் சொல்வார்.

ஸ்டீல் கிட்டாரைக் கவனியுங்கள். கிடத்தி வைத்து, நரம்புகளின் மேல் இரும்புத் துண்டை வழுக்கிக்கொண்டே வாசிப்பார்கள். சித்திரவீணை கேட்டுப் பழகிய காதுக்கு அந்த இழைவு உடனே பிடித்துவிடும்.

இந்த இசை வழக்கொழிந்துகொண்டிருந்தபோது தூக்கி நிறுத்தியவர்களில் முக்கியமானவர்கள் 'அஸ்லீப் அட் த வீல்' குழுவினர். 1970இல் மேற்கு வர்ஜீனியாவில் தொடங்கி, சில ஆண்டுகளில் ஆஸ்டினுக்கு வந்து வேரூன்றியவர்கள். தலைவர் ரே பென்சன் ஆறடி ஏழு அங்குல உயரம், பிறந்தது ஃபிலடெல்ஃபியாவில். டெக்சாஸின் சொத்தை வெளியூர்க்காரர் வந்து காப்பாற்றினார் என்று நான் சொன்னால், இந்த ஊர் நண்பர்கள் முறைப்பார்கள்.

இனி தொண்டு விஷயம். இந்த நாட்டில் மருத்துவக் காப்பீடு பெரும்பாலும் வேலை கொடுக்கும் நிறுவனத்தின் வழியாக வருகிறது. இரவுக்கு இரவு வேறு வேறு கூடத்தில் வாசிப்பவருக்கு எந்த நிறுவனம் கொடுக்கும்? அதற்காகவே 2005இல் 'ஹாம்' என்று சுருக்கமாக அழைக்கப்படும் ஆஸ்டின் இசைக்கலைஞர்களுக்கான நல அமைப்பு உருவானது. பென்சனும் அதற்கு நிதி திரட்ட உதவியவர்.

நான் போன முதல் கச்சேரி அத்தனை பெரியதல்ல. ஊருக்கு வெளியே ஒரு மரத்தளக் கூடம். மேடையில் ஐந்து பேர். வயலின்காரரின் கறுப்புச் சட்டையில் வில்லுக்குத் தேய்க்கும் பிசின் தூள் விபூதிபோல் உதிர்ந்திருந்தது. திரட்டிய பணம் அதே குழுவில் அடிநாதம் தரும் பேஸ் கருவியை வாசிக்கும் கலைஞருடைய இதய அறுவைசிகிச்சைக்கு. அவர் முன்வரிசையில் உட்கார்ந்து, தனக்குப் பதிலாக வாசித்த இளைஞனின் விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தார். மூன்றாவது பாட்டில் பையன் ஓர் இடத்தில் தாளம் பிசகினான்; பெரியவர் தொடையில் தட்டி எடுத்துக்கொடுத்தார். பாட்டு முடிந்ததும் இருவரும் சிரித்த சிரிப்பை வீட்டிலிருந்து பணம் அனுப்பியிருந்தால் பார்த்திருக்க முடியாது. இன்னொன்றும் உறைத்தது: அன்று சம்பளம் வாங்காமல் வாசித்த அந்த ஐவரில் எத்தனை பேருக்குக் காப்பீடு இருந்திருக்கும்?

சில நடைமுறைக் குறிப்புகள். ரப்பர் அடிச் செருப்பு வேண்டாம், மரத்தளத்தில் வழுக்கி ஆட முடியாது. ஜோடிகள் கூடத்தை இடஞ்சுழியாகச் சுற்றி வருவார்கள், நம் கோயில் பிரகாரத்துக்கு நேரெதிர். குறுக்கே நடந்துவிடாதீர்கள். ஆடத் தெரியாது என்றால் யாராவது ஒரு பாட்டி கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்க் கற்றுக்கொடுத்துவிடுவார், மறுக்க முடியாது.

மேசைகளில் ஏலப் பொருள்களும், விலை எழுதக் காகிதமும், நூலில் கட்டிய பேனாவும் இருக்கும். நான் மரியாதைக்காக ஒரு ஜோடி கௌபாய் பூட்ஸுக்கு 35 டாலர் என்று எழுதினேன். வேறு யாரும் எழுதவில்லை. அதன் அளவு 13, என் கால் அளவு 8. இன்றும் வாசலில் நிற்கிறது. மனைவி அதில் குடைகளைச் செருகி வைத்திருக்கிறாள்.