தாயைக் காட்டச் சொல்லுங்கள்

கேள்வி: லாப்ரடார் குட்டி ஒன்றுக்கு ஐயாயிரம் ரூபாய் முன்பணம் கொடுத்துவிட்டேன். வயது 32 நாள். "தடுப்பூசி எல்லாம் போட்டாயிற்று, கே.சி.ஐ. (இந்திய கென்னல் கிளப்) சான்றிதழும் உண்டு, சென்னையிலிருந்து பஸ்ஸில் அனுப்பிவிடுகிறேன்" என்கிறார் விற்பவர். நம்பலாமா? (திருப்பூர் வாசகர்)

பதில்: நம்ப வேண்டாம். 32 நாள் குட்டிக்குத் தடுப்பூசி "எல்லாம்" போட்டிருக்கவே முடியாது. முதல் ஊசியே ஆறிலிருந்து எட்டு வாரத்துக்குள்தான். பிறகு மூன்று, நான்கு வாரத்துக்கு ஒருமுறை, 16 வாரம்வரை தொடர வேண்டும். தாயிடமிருந்து வந்த எதிர்ப்புச் சக்தி குறைந்து, ஊசியின் பலனும் முழுதாக வராத அந்த இடைவெளியில்தான் பார்வோ வைரஸ் புகுந்துகொள்கிறது. புதுக்குட்டி வீட்டுக்கு வந்த மூன்றாம் நாளோ நான்காம் நாளோ, வாந்தியும் இரத்தப் பேதியுமாகத் துண்டில் சுற்றி என்னிடம் சிகிச்சைக்குத் தூக்கிவருகிறார்கள். பெரும்பாலும் நோய் தொற்றியது விற்றவர் இடத்தில். பழி விழுவதோ வாங்கியவர் வீட்டின்மேல்.

எட்டு வாரம் ஆகாத குட்டியை விற்பதே 2017ஆம் ஆண்டு மத்திய விதிகளின்படி குற்றம். சீக்கிரம் தள்ளிவிட்டால் தீனிச் செலவு மிச்சம் என்பதுதான் அவசரத்துக்குக் காரணம். குட்டி இழப்பதோ பெரிது. விளையாட்டில் அழுத்திக் கடித்தால் கூடப்பிறந்தது கத்திக்கொண்டு விலகிப்போகும். பல்லை எவ்வளவு பதிக்கலாம் என்று குட்டி கற்பது அப்படித்தான்.

கே.சி.ஐ. சான்றிதழ் வம்சாவளிக்கான தாள், ஆரோக்கியத்துக்கானது அல்ல. லாப்ரடாருக்கு இடுப்பு மூட்டுக் கோளாறு பரம்பரையாக வரக்கூடியது. பெற்ற இரண்டுக்கும் எக்ஸ்ரே எடுத்தார்களா என்று தனியாகக் கேளுங்கள்.

எல்லாவற்றுக்கும் மேலாக, தாயைக் காட்டச் சொல்லுங்கள். புகைப்படம் போதாது, குட்டி பிறந்த இடத்திலேயே பார்க்க வேண்டும். ஒருமுறை என்னிடம் ஒரு பெண் லாப்ரடாரைக் கொண்டுவந்தார்கள். இனி குட்டி போடாது என்று கைவிடப்பட்டது. மடி தொங்கி வயிறு தரையைத் தொட்டது. சிமெண்டுத் தரையிலேயே கிடந்து முழங்கைகள் காய்த்து வெடித்திருந்தன. கம்பியைக் கடித்துக் கடித்து முன்பற்கள் ஈறுவரை தேய்ந்திருந்தன. மேசையில் ஏற்றியதும் நடுங்கவில்லை, கையை முகரவும் இல்லை. சுவரைப் பார்த்து நின்றது. அந்த நாயின் குட்டிகளும் யாரோ ஒருவருக்கு அழகான படமாகத்தான் போயிருக்கும்.

அதே 2017 விதிகளின்படி, 18 மாதம் ஆகாத பெண் நாயைச் சினைப்படுத்தக் கூடாது. ஆண்டுக்கு ஒரு ஈற்றுக்கு மேல் கூடாது. வாழ்நாளில் ஐந்துதான், எட்டு வயதோடு நிறுத்திவிட வேண்டும். மாநில விலங்கு நல வாரியத்தில் பதிவும் கட்டாயம். பதிவு எண்ணையும் இது எத்தனையாவது ஈற்று என்பதையும் கேளுங்கள். முறையாக நடத்துபவர் தயங்காமல் சொல்வார்.

நேரில் போனால் இன்னொரு சோதனை இருக்கிறது. கூண்டுக்குள் இளைத்துக் கிடக்கும் குட்டியைக் கண்டதும் "இதையாவது காப்பாற்றுவோம்" என்று மனம் இளகும். தயவுசெய்து பணம் கொடுத்து வாங்காதீர்கள். அந்தப் பணம் அதே தாயை அடுத்த பருவத்தில் மறுபடி சினைக்கு விடத்தான் பயன்படும். பார்த்ததைக் குறித்துக்கொண்டு விலங்கு நல வாரியத்துக்குப் புகார் எழுதுங்கள்.

உங்கள் முன்பணத்தைத் திருப்பிக் கேளுங்கள். தாயைக் காட்டுவதாகவும் குட்டிக்கு எட்டு வாரம் ஆகும்வரை வைத்திருப்பதாகவும் அவர் ஒப்புக்கொண்டால் மட்டும் சென்னைக்கு ஒரு டிக்கெட் எடுங்கள். மறுத்தால், ஐயாயிரம் போனாலும் மீதியை அனுப்பாதீர்கள்.