இருமலே இல்லை, டி.பி. எப்படி?

கேள்வி: என் மனைவிக்கு வயது 38. எஸ்டேட்டில் கொழுந்து பறிக்கிறாள். ஐந்து வாரமாகச் சாயங்காலமானால் காய்ச்சல், ராத்திரி வேர்வை. 47 கிலோ இருந்தவள் 42 ஆகிவிட்டாள். டைபாய்டு என்று இரண்டு முறை மருந்து கொடுத்தார்கள். நெஞ்சு எக்ஸ்ரே, சளிப் பரிசோதனை நார்மல். இப்போது ஸ்கேனில் வயிற்றில் நீர், நெறி கட்டியிருக்கிறது, டி.பி.யாக இருக்கலாம் என்கிறார்கள். இருமலே இல்லாமல் வருமா? தட்டு, டம்ளரைத் தனியாக வைக்கணுமா?
– வாசகர், கோத்தகிரி

பதில்: வரும். குடல், அதைப் போர்த்திய சவ்வு, நிணநீர்க் கணு, கல்லீரல், மண்ணீரல் எதிலும் தங்கும். சிறுகுடலும் பெருங்குடலும் சேருகிற வலது அடிவயிறு அதற்கு ரொம்பப் பிடித்த இடம். நெஞ்சு எக்ஸ்ரே சுத்தமாக இருப்பதால் வயிறும் சுத்தம் என்று ஆகாது. டைபாய்டுக்கு லீவோபிளாக்சசின் மாதிரி மாத்திரை கொடுத்திருந்தால் அது டி.பி. கிருமியையும் கொஞ்சம் அடக்கும். காய்ச்சல் நாலு நாள் தணிந்து திரும்பும், நோய் பிடிபடுவதும் தள்ளிப்போகும்.

டி.பி. மாத்திரை தொடங்குமுன் சாம்பிள் எடுத்துவிட வேண்டும். வயிற்று நீரில் ஏ.டி.ஏ. (டி.பி. இருந்தால் ஏறுகிற ஒரு நொதி) அளவு லிட்டருக்கு 39 யூனிட்டைத் தாண்டினால் பலமான சாட்சி. அதே நீரில் சிபிநாட் (டி.பி. கிருமியின் மரபணுவைத் தேடும் சோதனை) நெகட்டிவ் வந்தால் 'டி.பி. இல்லை' என்று முடிவுகட்டக் கூடாது. அதில் கிருமி மிகக் குறைவு. அப்படியும் தெளியாவிட்டால் கொலோனோஸ்கோபியிலோ (ஆசனவாய் வழியே பெருங்குடலுக்குள் கேமரா) லேப்ராஸ்கோபியிலோ (வயிற்றில் சிறு துளையிட்டுக் கேமரா) சதைத்துணுக்கு எடுப்பார்கள். கோட்டைவிடுவது இங்கேதான்: எல்லாத் துணுக்கையும் ஃபார்மலின் பாட்டிலில் போட்டுவிடுவார்கள். கிருமி செத்துவிடும், கல்ச்சரில் (கிருமியை வளர்த்துப் பார்க்கும் சோதனை) வளராது, எந்த மருந்துக்குக் கட்டுப்படும் என்பதும் தெரியாது. ஒரு துணுக்காவது சலைனில் போகட்டும். கூச்சப்படாமல் கேளுங்கள். குடலில் அழற்சியும் புண்ணும் வரும் கிரோன்ஸ் நோயும் நிணநீர்ப் புற்றும் ஸ்கேனில் இதே முகம்தான்; கிரோன்ஸ் என்று நினைத்து ஸ்டீராய்டு கொடுத்தால் டி.பி. வெறிபிடித்துப் பரவும்.

உறுதியானால் ஆறு மாதம்: முதல் 2 மாதம் நான்கு மருந்து, அடுத்த 4 மாதம் மூன்று. 42 கிலோவுக்குத் தினம் 3 கூட்டு மாத்திரை. அரசு மருத்துவமனையில் இலவசம். சத்துணவுக்கு மாதம் 1,000 ரூபாயும் உண்டு, பாஸ்புக் கொண்டுபோங்கள். சிறுநீர் ஆரஞ்சாகப் போவது வெறும் சாயம். கண் மஞ்சளித்தாலோ பார்வை மங்கினாலோ அடுத்த வேளை மாத்திரையைப் போடாமல் அன்றே டாக்டரைப் பாருங்கள்.

தட்டு, டம்ளர் தனியாக வேண்டாம். நுரையீரலில் இல்லாதவரை வீட்டாருக்கு ஒட்டாது. பாலை மட்டும் பொங்கக் காய்ச்சுங்கள், மாட்டு டி.பி. பச்சைப்பால் வழியே குடலுக்கு வரும்.

இன்னொன்று. புண் ஆறும்போது தழும்பு குடலைச் சுருக்கும். மாத்திரை நன்றாகக் கேட்டுக்கொண்டிருக்கும்போதே வயிறு உப்பி, முறுக்கி வலித்து வாந்தி வந்தால் அது குடல் அடைப்பாக இருக்கலாம். பனி, வளைவு ரோடு, விடியட்டும் என்று உட்கார்ந்திருக்காமல் உடனே 108-ஐக் கூப்பிடுங்கள்.